பக்கம் திறக்கும்வரை யார் நிற்பார்கள்

எனக்குக் கோபம் வரவைக்கும் பொருட்களின் வரிசையில் முதலிடம் அந்த வட்டத்துக்குத்தான். செல்போனில் எதையாவது தட்டியதும் திரையின் நடுவில் வந்து நின்றுகொண்டு சுற்றுமே, அந்த வட்டம். அதைப் பார்த்தாலே என் கை தானாக நெற்றிக்குப் போய்விடும். "இன்னாடி, நெட்டு சுத்துதா?" என்று வீட்டில் யாராவது கேட்டுவிட்டால் அவர்கள் மேலும் எரிந்து விழுவேன். "அதுக்கு உசுரா கீது, அதும்மேல போய் கோவப்பட்டுக்கினு" என்பாள் அம்மா. அது சுற்றச் சுற்ற யாரோ ஒரு ஆள் என் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறான் என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

நான் செய்வது இணைய விளம்பரத் தொழில். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு செல்போன் கடையின் மாடியில், ஒற்றை அறை. தியாகதுருகத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். கல்யாண மண்டபம், பல் டாக்டர், விதைக்கடை என்று யார் வந்தாலும் அவர்களுக்கு ஒரு இணையப் பக்கம் செய்து, விளம்பரம் போட்டு, அந்தப் பக்கத்துக்கு ஆள் சேர்ப்பது என் வேலை. என் சித்தப்பா இதை இன்றுவரை கம்ப்யூட்டர் சென்டர் என்றுதான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறார். சாதிச் சான்றிதழ் வாங்க வேண்டியவர்களை எல்லாம் எனக்கு அனுப்பி வைப்பார். அவர்களும் மாடி ஏறி வந்து, அதெல்லாம் இங்கே கிடைக்காது என்று சொன்னதும், ஏதோ நான் திமிர் பிடித்தவள் என்பது போலப் பார்த்துவிட்டு இறங்கிப் போவார்கள்.

இந்தத் தொழிலில் ஒரு கொடுமை உண்டு. விளம்பரத்தை ஒருவர் தட்டிய உடனே நம் காசு போய்விடும். அவர் பக்கத்தைப் பார்த்தாரா, பார்ப்பதற்கு முன்பே மூடிவிட்டாரா என்பது விளம்பரம் போட இடம் கொடுத்தவர்களுக்குத் தேவையில்லாத விஷயம். ஆளை வண்டி வைத்துக் கூட்டி வந்து கடை வாசலில் இறக்கிவிடுகிறோம். கடையின் ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டு மேலே ஏற மாட்டேன் என்கிறது. வந்தவர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார். வண்டி வாடகை நம் தலையில். பக்கம் மெதுவாகத் திறந்தால் என் தொழிலில் நடப்பது இதுதான். இதை யாரிடம் சொன்னாலும் நன்றாகத் தலையாட்டுவார்கள். மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து என்னிடம் வந்த அண்ணனும் அப்படித்தான் ஆட்டினார்.

போன வருடம் பொங்கல் கழிந்து, அவரும் அவர் மனைவியும் மலையிலிருந்து இறங்கி என் அறைக்கு வந்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது. நான் உள்ளே ஒரு வாடிக்கையாளரோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அது நீண்ட சண்டை. முடித்துவிட்டுத் திரும்பினால் இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள்.

"எப்ப வந்தீங்க? கூப்புடக் கூடாதா?"

"பரவால்ல தங்கச்சி. நீ பேசிக்கினு இருந்த. முடிக்கட்டும்னு நின்னோம்."

அவர்கள் மலைப்பக்கம் அதுதான் வழக்கம். ஒரு வீட்டுக்குப் போனால் வெளியே நின்று ஒரு குரல் கொடுப்பார்கள். உள்ளே இருப்பவர்கள் வந்து கூப்பிடும்வரை நிற்பார்கள். திரும்பிப் போவது என்ற பேச்சே கிடையாது. அன்றைக்கு எனக்கு அது மரியாதையாகப் பட்டது. பிறகு அதே வழக்கத்தோடு நான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

வந்த விஷயத்தை அண்ணிதான் சொன்னார். அருவிக்குப் போகும் வழியில், தங்கள் வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டியிருக்கிறார்கள். சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு வாடகைக்கு விட வேண்டும். "வருசா வருசம் தீபாவளி தாண்டுனா வூட்டப் பூட்டிக்கினு குடகுக்குப் போயிடறோம்மா, காபிக் கொட்ட பறிக்க. புள்ள ஹாஸ்டல்ல கெடக்குது. லீவு வுட்டா மத்த புள்ளைங்க வூட்டுக்குப் போவும். எம் புள்ள எங்கம்மா வூட்டுக்குப் போவும். எங்க வூட்டுல பூட்டு தொங்கும். இந்த ரூம் ஓடிச்சின்னா எங்கியும் போவ வேணாம். புள்ள எங்கூட இருந்தே படிக்கும்."

அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். மே மாதம் ஓடிவிட்டால் நிலைத்துவிடும், ஓடாவிட்டால் மறுபடி எஸ்டேட்தான் என்றார்.

நான் ஒரு பக்கம் செய்து கொடுத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, காகிதம் போல இலேசான பக்கம். வீட்டோடு சேர்த்து அறையின் படம் ஒன்று, ஜன்னலுக்கு வெளியே தெரியும் சரிவின் படம் ஒன்று, என்ன சாப்பாடு கிடைக்கும் என்று நாலு வரி, அண்ணியின் போன் நம்பர். மலையில் டவர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகளில் ஏற ஆரம்பித்தால் நெட்டு என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. வருபவர்களில் பாதிப் பேர் காரில் மேலே ஏறிக்கொண்டே அறை தேடுவார்கள். அவர்களுக்காகத்தான் பக்கத்தை அவ்வளவு சுருக்கி வைத்தேன்.

ஒரு வாரம் எல்லாம் நன்றாகப் போனது. பிறகு அண்ணன் மட்டும் தனியாக வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதுல ஒரு பேனர் கீது தங்கச்சி. அத நம்ம பக்கத்துல மேல போட்டுரு."

திறந்து பார்த்தேன். அறைகள் திறந்த அன்றைக்கு ரோட்டோரம் கட்டிய பேனர், அச்சுக்குப் போன அதே கோப்பு. லாரியின் அகலத்துக்கு அடிப்பதற்காகச் செய்தது. நடுவில் அண்ணனின் பெரியப்பா, முண்டாசு கட்டி, இரண்டு கையும் கூப்பி. அவரைச் சுற்றி வட்ட வட்டமாகப் பங்காளிகள். கீழே சதுரங்களில் பெண்கள். அதற்கும் கீழே குழந்தைகள், ஒரு கைக்குழந்தை உட்பட. இவ்வளவு கூட்டத்தில் அறையின் படம் ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தது.

"அண்ணே, இது ரோட்டுல மாட்றதுக்கு. செல்லுல இது தொறக்காது."

"அவங்கல்லாம் கேக்கறாங்க தங்கச்சி. உலகம் பூரா பாக்கற எடத்துல எங்க மூஞ்சி இல்லியே, உன் ரூம் மட்டும் கீதேன்னு. மண்ணு சுமந்தது அவங்க. கூரைக்குக் கம்பி தூக்கினு வந்தது அவங்க. கார் வந்து நிக்கற எடமே பெரியப்பாவுது."

நம் ஊரில் பேனர் என்பது என்ன என்று எனக்கும் தெரியும். காதுகுத்துப் பேனரில் ஒரு மாமன் முகம் விடுபட்டுப் போனதற்காக மண்டபத்துக்கு வெளியே சீர் வரிசையைத் திருப்பிக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இணையப் பக்கத்தைப் பேனர் என்று நினைப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பேனர் வழியில் நிற்கும், நாம் கடந்து போவோம். இணையப் பக்கம் அப்படி இல்லை, அது கதவு. கதவில் போய் எல்லாருடைய முகத்தையும் ஒட்டினால் அது எப்படித் திறக்கும்?

சரி, கடைசியில் அடியில் போட்டுவிடுகிறேன் என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "பெரியப்பாவ கால்மாட்டுல போடச் சொல்றியா தங்கச்சி?"

அப்படியென்றால் உள்ளே தனியாக எங்கள் குடும்பம் என்று ஒரு பக்கம் செய்து, விருப்பம் இருப்பவர்கள் தட்டிப் பார்க்கும்படி வைக்கலாம் என்றேன். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "பந்தில முதல் வரிசைல ஒக்கார வேண்டியவர சமையல் கட்டுல ஒக்கார வச்ச மாதிரி ஆயிடும்."

கடைசியில் படத்தை நசுக்கிச் சிறிதாக்கி மேலே போட்டேன். கொஞ்சம் மெதுவானது, ஆனாலும் திறந்தது. இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். பெரியப்பா யாருடைய போனிலோ பக்கத்தைத் திறந்து, இரண்டு விரலால் தன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். முகம் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்திருக்கிறது. "செத்தவன் போட்டோவக் கூட பளிச்சுனு போடறானுங்க" என்று சொல்லிவிட்டு, அன்றைக்குச் சாப்பிடாமலே படுத்துவிட்டாராம். மறுநாள் காலை அண்ணன் முதல் பஸ்ஸில் இறங்கி வந்து என் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அசல் படத்தையே போட்டால்தான் ஊருக்குத் திரும்புவேன் என்றார்.

நான் கத்தினேன். அவர் கத்தவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"அண்ணே, லோடு ஜாஸ்தியானா பக்கம் தொறக்காதுன்னு எத்தினி தடவ சொல்றது?"

"லோடு ஜாஸ்தியா இருந்தா நல்லதுதான தங்கச்சி?"

எங்கள் மாவட்டத்தில் லோடு என்றால் கரும்பு. லோடு அதிகம் என்றால் சந்தோஷம். நான் அந்த வழியிலேயே போனேன். "ஆலைக்குப் போற கரும்பு டிராக்டர் முன்னாடி மாட்டிக்கினா பஸ்ஸு எப்பிடிப் போவும்? அந்த மாதிரி அண்ணே. பேனரு முன்னாடி போவுது, உங்க ரூமு பின்னாடி ஊந்துக்கினு வருது."

அவர் யோசித்தார். "ஊந்தாலும் வந்து சேந்துரும் இல்ல?"

போட்டுக் கொடுத்தேன். அசல் படத்தை, முழு அளவில், உச்சியில். திறப்பு விழாவில் எடுத்த வீடியோவையும், நாதஸ்வரத்தோடு, பக்கம் திறந்ததும் தானாக ஓடும்படி வைக்கச் சொன்னார். அதையும் வைத்தேன். என் அறையில் கம்பி வழி வரும் நெட்டு. தட்டியதும் பேனர் மொத்தமாக வந்து நின்றது, நாதஸ்வரம் முழங்கியது. அண்ணன் கையைத் தட்டினார். "பாரு, டக்குனு தொறக்குது! நீதான் சும்மா பயமுறுத்திக்கினு இருந்த."

அவரைப் பிடித்து இழுக்காத குறையாகக் கீழே பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவருடைய போனிலேயே, அவருடைய நெட்டிலேயே திறக்கச் சொன்னேன். வட்டம் சுற்றியது. சேலம் பஸ் ஒன்று வந்து, ஆளை இறக்கி, ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் அமைதியாகப் பார்த்துக்கொண்டே நின்றார். முகத்தில் துளி சலிப்பு இல்லை. கடைசியில் படம் வந்ததும் என்னிடம் திருப்பிக் காட்டினார்.

"வந்துருச்சு பாரு."

"இவ்ளோ நேரம் யாரு அண்ணே நிப்பாங்க?"

"ஏன், ரூம் வேணும்ங்கறவங்க நிக்க மாட்டாங்களா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மலைக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்று பழகியவர். ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், தாலுகா ஆபீஸில் நின்று பழகியவர். தேவை உள்ளவன் நிற்பான் என்பது அவர் வாழ்க்கை முழுக்க உண்மையாகவே இருந்திருக்கிறது. நிற்கவே தேவையில்லாத ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம்தான் நாம் விற்கப் பார்க்கிறோம், ஒரு விரலை நகர்த்தினால் அவர்களுக்கு வேறு அறை கிடைக்கும் என்பதை அவருக்கு நான் எந்த மொழியில் சொல்வது? எனக்குத் தொண்டை வறண்டு போனதுதான் மிச்சம்.

மே மாதம் வந்தது. விளம்பரத்தை நிறையப் பேர் தட்டினார்கள். சேலத்திலிருந்து, பாண்டிச்சேரியிலிருந்து, விழுப்புரத்திலிருந்து. தட்டியவர்கள் கணக்கு என் திரையில் ஏறிக்கொண்டே போனது. அண்ணியின் போன் அடிக்கவில்லை. தினமும் சாயங்காலம் அவர் எனக்குப் போன் செய்வார். "யாருனா பாக்கறாங்களாம்மா?" பார்க்கிறார்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்? வாசல் வரை வருகிறார்கள், அவ்வளவுதான். ஒரு கட்டத்தில் என்னாலேயே தாங்க முடியாமல், நேரில் போய்ப் பேசித் தீர்த்துவிடுவது என்று ஒரு சனிக்கிழமை மலைக்குப் பஸ் ஏறினேன்.

அருவிக்குத் திரும்பும் இடத்தில் ஒரு டீக்கடை உண்டு. அங்கே இறங்கி, நடப்பதற்கு முன்னால் ஒரு டீ வாங்கிக்கொண்டு நின்றேன். பாண்டிச்சேரி நம்பர் போட்ட கார் ஒன்று வந்து நின்றது. ஒரு கணவன், மனைவி, பின் இருக்கையில் தூங்கி வழிகிற இரண்டு பிள்ளைகள். அவர் டீயை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் போனைத் தடவிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்ப்பது தப்புதான். பார்த்தேன். என் விளம்பரம். அந்த நீலப்பூ மெத்தை விரிப்பு, நான் எழுதிய அதே வரி. அவர் அதைத் தட்டினார்.

என் டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டேன். வட்டம் சுற்றியது. பிறகு மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பேனர் இறங்க ஆரம்பித்தது. முதலில் ஒரு மஞ்சள் பட்டை. பிறகு ஏதோ ஒரு வரியின் தலைப்பகுதி. பிறகு பெரியப்பாவின் முண்டாசு. பிறகு நெற்றி. புருவம் வரைக்கும் வந்து அப்படியே நின்றுவிட்டது.

"யாருங்க அது, பாதி மூஞ்சி?" என்றார் அந்த அம்மா.

"தெர்ல. இன்னாவோ கட்சிக்காரங்க பக்கம் போல."

"மூடுங்க. வேற பாருங்க."

அவர் விரல் நகர்வதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "சார், அது நல்ல ரூம்ங்க. இதோ, பக்கத்துலதான். வந்துகினே இருக்குது, கொஞ்சம் பொறுங்க" என்றேன். ஊரெல்லாம் யாரும் பொறுக்க மாட்டார்கள் என்று கத்திக்கொண்டு திரிகிற நான், ஒரு டீக்கடையில் நின்று, முன்பின் தெரியாத ஒருவரைப் பொறுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க புரோக்கருங்களா?"

"இல்லங்க. அந்தப் பக்கத்த செஞ்சது நான்தான்."

"நீங்கதான் செஞ்சீங்களா? அப்ப தொறக்கற மாதிரி செஞ்சிருக்கலாமே."

அதற்குள் அவருடைய மனைவி தன் போனில் வேறு ஒரு இடத்தைப் பிடித்துவிட்டார். அந்தப் பக்கம் இதே டவரில், இதே டீக்கடை நிழலில் சட்டென்று திறந்ததை நானும் பார்த்தேன். பேரம்கூடப் பேசாமல் முடித்துவிட்டுப் போனார்கள். கார் கிளம்பிப் போன பிறகும் என் காது சுட்டுக்கொண்டிருந்தது.

அந்த வேகத்திலேயே அண்ணன் வீட்டுக்கு நடந்தேன். அண்ணி அறை வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். உள்ளே மெத்தை விரிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. யாரும் படுக்காத மெத்தை. அவர்களுடைய மகள் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். ஜன்னல் கம்பியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். டீக்கடையில் நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அந்த ஆள் கேட்டதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

அண்ணி துடைப்பத்தைக் கீழே போட்டார். புருஷன் பக்கம் திரும்பினார்.

"எடுக்கச் சொல்லு."

"பெரியப்பா..."

"தீபாவளிக்கு அப்பறம் எங்கூட கொட்ட பறிக்க உங்க பெரியப்பாவா வரப் போறாரு? எடுக்கச் சொல்லுன்னா."

அண்ணன் துடைப்பத்தை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு என்னிடம், "எடுத்துரு தங்கச்சி. ஆனா இது இத்தோட நிக்காது" என்றார்.

வீட்டில் டவர் இல்லை. சாமை விதைக்கிற கொல்லைக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அங்கேதான் கொஞ்சம் வரும். அண்ணியும் பிள்ளையும் என்னோடு ஏறி வந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. பேனரை எடுக்கவே அவ்வளவு நேரம் பிடித்தது. ஒரு முறை பாதியில் அறுந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். வாய்க்கு வந்த வசவெல்லாம் அந்தப் பிள்ளை முன்னால் வந்து தொலைத்தது. வீடியோவையும் எடுத்தேன். எல்லாம் முடிந்ததும் அண்ணியின் போனை வாங்கித் தட்டினேன். திறந்துவிட்டது. அந்த டவரில், அந்தப் பாறைமேல், தட்டிய கையை எடுப்பதற்குள்.

"அட, எங்க வூடு!" என்றாள் பிள்ளை. அவள் அதுவரை தன் வீட்டை அந்தப் பக்கத்தில் பார்த்ததே இல்லை. பேனரைத் தாண்டி யார் பார்த்தார்கள்?

மே மாதத்தின் கடைசி நாட்களில் அண்ணியின் போன் அடித்தது. இரண்டு குடும்பத்தார் வந்து தங்கிவிட்டுப் போனார்கள். நாட்டுக்கோழிக் குழம்பை ஒருவர் படம் எடுத்து அனுப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் சொன்னேன் இல்லையா, சொன்னேன் இல்லையா என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள், கூட்டம் வடிந்துவிட்டது.

பெரியப்பா யாரையும் திட்டவில்லை. ஒருநாள் காலை வேலிக்காத்தான் முள்ளை வெட்டிக்கொண்டு வந்து, கார் நிற்கிற தன் இடத்தில், குறுக்கே போட்டுவிட்டார். பங்காளிகள் யாரும் அதை எடுக்க வரவில்லை. அண்ணன் நடந்து நடந்து பேசிப் பார்த்திருக்கிறார். உலகம் பூரா பார்க்கிற இடத்திலிருந்து எங்களை எடுத்தாயே, இப்போது எங்கள் மண்ணில் எதற்குக் கார் வர வேண்டும் என்று கேட்டார்களாம். மறுபடி போட்டால் முள்ளை எடுப்பார்கள். மறுபடி போட்டால் பக்கம் திறக்காது. பக்கம் திறக்காவிட்டால் முள் இருந்தால் என்ன, போனால் என்ன? நான் இதை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்தப் பக்கம் பிடித்தாலும் கை கிழிந்தது. இன்னா தங்கச்சி பண்றது என்று அவர் என்னைத்தான் கேட்டார். பக்கத்தை எப்படி இலேசாக்குவது என்று எனக்குத் தெரியும். ஒரு குடும்பத்தின் மனத்தாங்கலை எப்படி இலேசாக்குவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இப்போதும் கேட்டால், பேனரை எடுத்தது சரி என்றுதான் சொல்வேன். சொல்லும்போது முன்பு மாதிரி சத்தம் வரவில்லை.

தீபாவளி கழிந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடகுக்குப் போய்விட்டார்கள். நான் விளம்பரத்தை முன்பே நிறுத்தியிருந்தேன். ஆனால் பக்கம் இருந்தது. இலேசான பக்கம் என்பதால், அருவி பார்க்க நெட்டில் அறை தேடுகிறவர்களுக்கு அது தானாகவே முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தது. வேகமாகத் திறக்கிற பக்கத்துக்கு அந்தச் சலுகை உண்டு. நான் அதை மறந்துவிட்டேன். மழை பெய்து அருவியில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்த பிறகு ஒருநாள் மத்தியானம் அண்ணி போன் செய்தார். பின்னால் யாரோ கன்னடத்தில் அதட்டுவது கேட்டது.

"ஏம்மா, நல்லா இருக்கியா? உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். தெனம் போன் வருதும்மா. ரூம் இருக்குதா, ரூம் இருக்குதான்னு."

"நீங்க இன்னா சொல்றீங்க அண்ணி?"

"இருக்குதுன்னுதான் வாயில வருது. அப்பறம் இல்லன்னு சொல்றேன். நேத்து ஒரு அம்மா, கொழந்தைங்களுக்கு ஜன்னல் பக்கம் வேணும்னு கேட்டுச்சு. நல்லாப் பேசுச்சு. இங்க மேஸ்திரி திட்டறான், கொட்ட பறிக்கற நேரத்துல இன்னா போன்னு."

"மூடிடட்டுமா அண்ணி?"

"மூடச் சொல்லலாம்னுதான் போன் பண்ணேன்." பின்னால் அந்த அதட்டல் மறுபடி கேட்டது.  "வேணாம்மா. ஹாஸ்டல் டீச்சர் போன வாங்கி புள்ள அதத் தொறந்து தொறந்து பாக்குதாம், வூட்ட. நீ நம்பர மட்டும் எடுத்துரு."

நம்பரை எடுத்தேன். போன் செய்ய முடியாத, அறை பிடிக்க முடியாத, யாருக்கும் எதையும் விற்காத ஒரு பக்கம் இன்றைக்கும் என் செலவில் ஓடிக்கொண்டிருக்கிறது. என் தொழிலில் இதைவிட உருப்படாத பக்கத்தை யாரும் செய்ய முடியாது. மலை டவரிலும் தட்டியதும் திறந்துவிடும். அந்தப் பக்கத்துக்காக அந்தப் பிள்ளை காத்திருக்க வேண்டியதில்லை.